சவலைப் பேச்சு

சவலை என்ற சொல்லை முதன்முதலில் வாயில் வைத்தவள் யாரோ, அவள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அந்த வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன். வயிற்றில் ஒன்று தங்கிய பிறகும் மடியில் இருப்பது பால் குடித்தால் அந்தப் பால் விஷமாம். குடித்த பிள்ளைக்கு வயிறு உப்பி, கைகால் சூம்பி, சவலை பாய்ந்துவிடுமாம். எங்கள் சேரியில் எல்லாப் பெண்களும் இந்த வைத்தியம் படித்தவர்கள். பிள்ளைத்தாய்ச்சி காலையில் என்ன தின்றாள் என்று கேட்கத்தான் ஒருத்திக்கும் தெரியாது.

யுத்தக் காலம் அது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே பெரிய விஷயம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெட்டியார் கொல்லையில் மல்லாட்டை, நிலக்கடலைதான், ஆய்ந்துகொண்டிருந்தோம், நானும் என் ஓரகத்தி லூர்துமேரியும். அவள் என் வீட்டுக்காரரின் தம்பி தேவசகாயத்தின் பெண்டாட்டி. அப்போது அவளுக்கு ஐந்து மாசம். மூத்தவள் ஜெயத்துக்கு இரண்டரை வயசு. அந்தப் பெண்ணுக்கு மணல்வாரி அம்மை கண்டு இறங்கியிருந்தது. இறங்கினதிலிருந்து கேப்பைக் களியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கஞ்சியைக் காட்டினால் தட்டிவிடுவாள். தாய்ப்பால் ஒன்றுதான் உள்ளே இறங்கியது. அதில்தான் அவள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ஆனால் வரப்பில் உட்கார்ந்து அவள் பிள்ளைக்கு மாராப்பை விலக்கினால் போதும், கூட ஆய்கிற பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அடி ஆத்தே! வயித்துல ஒண்ண வச்சிக்கினு இதுக்கும் குடுக்கறியே, வெக்கமா இல்ல?"

"புள்ளயப் பாரு, எலும்பா இருக்குது. இன்னும் சவலைக்கு இன்னா பாக்கி?"

லூர்துமேரி வாயில்லாப் பூச்சி. தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையை இறக்கிவிடுவாள். பிள்ளை அழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அதைவிட மோசம். எங்கள் மாமியார் சின்னக்கண்ணுக்கு எந்நேரமும் அதே பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் தின்று, மாமியார் தின்று, கடைசியில் பானையைச் சுரண்டிக் கிடைத்ததுதான் லூர்துமேரிக்கு. அந்தச் சுரண்டலில் வயிற்றில் ஒன்று வளரணும், மடியில் ஒன்று பிழைக்கணும். இதையெல்லாம் பார்த்துவிட்டும் பிள்ளை மெலிந்ததற்குக் காரணம் பாலாம்! நன்றாக இருக்கிறது நியாயம்!

எனக்கும் ஒரு மகன் இருந்தான். சவுரி. சவுரிராயன். நான் என் மகளை வயிற்றில் சுமந்தபோது அவனுக்கு இரண்டு வயசு. அன்றைக்கும் இதே சவலைப் பேச்சுதான். பால் மறக்கடிக்கிறோம் என்று அவனை விழுப்புரத்துக்கு, என் நாத்தனார் சின்னபொண்ணு வீட்டுக்கு அனுப்பினார்கள். "மறந்துட்டான், பாலயே மறந்துட்டான்" என்று அவள் சொல்லியனுப்பினாள். அடுத்த மாசம் அவனை அங்கேயே அடக்கம் செய்தோம். சவலை பாய்ந்து செத்தான், ரொம்ப நாள் குடுத்துட்ட நீ, என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நானும் அதை நம்பி எத்தனையோ வருஷம் அழுதேன்.

இப்போது ஜெயத்தையும் அதே விழுப்புரத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சவுரி ஞாபகம்தான் வந்தது. தேவசகாயத்துக்கு விழுப்புரம் ரயில்வேயில் கரி அள்ளுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவன் அக்கா சின்னபொண்ணையும் கூட அழைத்து வந்திருந்தான். சாயங்கால வண்டியில் பிள்ளையோடு திரும்புவதாக ஏற்பாடு. மாமியார் வேப்பங்கொழுந்தை அரைத்து, லூர்துமேரியின் இரண்டு மாரிலும் அப்பி, மேலே துணியை இறுக்கிக் கட்டினாள். லூர்துமேரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, அவர்களோடும் மாமியாரோடும் நானும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன்.

திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரே கூட்டம். பட்டாளத்து ஆட்கள் வேறு. பொரியுருண்டையைக் காட்டிக் காட்டிச் சின்னபொண்ணு ஜெயத்தை இடுப்பில் வைத்திருந்தாள். லூர்துமேரிக்கு நிற்க முடியவில்லை, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பால் கட்டி, கட்டின துணி நனைந்து, சேலையெல்லாம் பச்சையாக ஊறியிருந்தது.

வண்டி வந்து நின்றது. அந்தச் சத்தத்தில் பிள்ளை பயந்து, நழுவி இறங்கி, ஓடிவந்து தாய் மடியில் விழுந்தாள். துணியை இரண்டு கையாலும் இழுத்து, வாயை வைத்தாள். உடனே எடுத்தாள். முகம் கோணிப்போனது. தூ என்று துப்பினாள்.

"பாத்தியா, மறந்துடும்" என்றாள் மாமியார்.

பிள்ளை தன் பாவாடை ஓரத்தைப் பிடித்தாள். அதால் மாரைத் துடைத்தாள். நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடியும் வாயை வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே, கண்ணில் நீர் வழியக் குடித்தாள். எடுக்கவேயில்லை.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ!

"பாருங்க! எல்லாரும் நல்லா பாருங்க! அதுக்குக் கசப்பு தெரியலன்னு நெனச்சீங்களா? தெரிஞ்சிதான் குடிக்குது! வேற எதுவும் எறங்காம பசியில குடிக்குது!"

"அண்ணி, ஜனங்க பாக்கறாங்க" என்று தேவசகாயம் என் பக்கத்தில் வந்தான்.

"பாக்கட்டும்! உம் பொண்ணு வாய்லேர்ந்து சோத்தப் பிடுங்கறப்ப வராத வெக்கம் இப்ப வருதா?"

"சவலை பாஞ்சிடும்னுதான அண்ணி..."

"சவுரி எப்பப்பா மெலிஞ்சான்? நீ சொல்லு! எங்கிட்ட குடிச்சிக்கினு இருந்தப்ப எப்படி இருந்தான்? நீதான தோள்மேல ஏத்திக்கினு ஊரெல்லாம் சுத்துன? கனக்குறான் அண்ணின்னு எங்கிட்டயே சொன்னியே! பால நிறுத்துன பொறவுதான அவன் எலும்பா போனான்? பால் குடிச்சி சவலை பாயல. பாலப் புடுங்கித்தான் சவலை பாஞ்சிது!"

நான் சொன்னதை அப்போதுதான் நானும் கேட்டேன். இத்தனை வருஷமும் என் தலையில் சுமத்தியிருந்தது அந்த இடத்திலேயே இறங்கியது போலிருந்தது.

மாமியார் விடவில்லை. "ஏண்டி, செத்தவன எதுக்குடி ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கினு வர்ற?"

"நீங்கதான் அத்தை அவன இதே ஸ்டேஷன்ல வண்டி ஏத்துனீங்க."

ஊதல் கேட்டது. தேவசகாயம் பிள்ளையைத் தூக்கப்போகிறானோ என்று பயந்தேன். அவன் குனிந்தான். தன் தோள் துண்டை எடுத்து மகளையும் பெண்டாட்டியையும் சேர்த்து மூடினான். "நீ ஏறுக்கா" என்று சின்னபொண்ணிடம் சொன்னான். "புள்ள வரல. நான் காலையில வர்றேன்."

சின்னபொண்ணு ஏறினாள். பிள்ளையின் மாற்றுப் பாவாடை சுற்றியிருந்த மூட்டையை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். அவள் கையை விடவில்லை.

"அண்ணி, அவன் மறக்கல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சவுரி மறக்கவேயில்ல அண்ணி. கடைசி வரைக்கும் எம் மார்லயே தேடிக்கினு கெடந்தான். மறந்துட்டான்னு சொல்லச் சொல்லி அம்மாதான் சொல்லுச்சி."

வண்டி நகர்ந்தது. கை விட்டுப்போனது. திட்டுவதற்கு எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது, மூட்டையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. பானையை இறக்கி, முதல் களி உருண்டையை, அதுவும் பெரிய உருண்டையாக, லூர்துமேரியின் தட்டில் வைத்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்றும் வைத்தேன். மாமியார் வாயைத் திறந்தாள்.

"சவலையைப் பத்திப் பேசறதா இருந்தா, அத்தை, மொதல்ல உங்க பங்குல ஒரு உருண்டைய இங்க வச்சிட்டுப் பேசுங்க" என்றேன்.

அவள் தன் தட்டைப் பார்த்தாள். பிறகு பாதிக் களியைப் பிட்டு லூர்துமேரியின் தட்டில் வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். என் சவுரிக்காக அவள் அழுவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"தின்னுடி" என்றேன் லூர்துமேரியிடம். அவள் தின்றாள். ஜெயம் அவள் மடியில் படுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.