கரண்டுக்கு அசையாத கை

1966-ல் என் அண்ணன் கண்ணுச்சாமிக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிவிட்டது. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் மருந்து கலக்குகிறவர். நானும் அங்கேதான், காகிதக் குழாய் சுருட்டுகிற வேலை. நாலு மாதத்தில் அவருக்குக் காலும் பேச்சும் ஓரளவு திரும்பின. கை மட்டும் மடங்கின விரலோடு மடியில் கிடந்தது. மருந்து சலிக்க இரண்டு கையும் வேண்டும். ஒற்றைக் கையோடு வருகிற ஆளை மருந்து ரூமுக்குள் யாரும் விடமாட்டார்கள். அண்ணனுக்கு வேறு வேலையும் தெரியாது.

விருதுநகரில் ஒரு டாக்டரிடம் கரண்ட் வைக்கிற மெஷின் இருந்தது. பேட்டரியில் ஓடுகிற மரப்பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டவர் சீனிவாசகம். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை முன்கையில் போட்டு, மேலே தகட்டை வைத்து, வாரால் கட்டுவார். குமிழைத் திருப்பினால் சதை துள்ளி விரல்கள் விரிய வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம் ஆறு வாரம். அதற்குள் ஒரு விரலாவது தானாக அசையவில்லை என்றால் மெஷினுக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அண்ணி வெள்ளைத்தாய்க்குக் காட்டு வேலையும் கைக்குழந்தையும். அதனால் கூட்டிப் போனது நான்தான். சாத்தூர் வந்து பஸ் மாறி, அவரைத் தாங்கி ஏற்றி, தாங்கி இறக்கி, திரும்பி வந்து விட்ட வேலையை முடிக்க வேண்டும். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

ஐந்து வாரம் ஓடியும் விரல் விரியவில்லை. சீனிவாசகம் கரண்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். அண்ணன் பல்லைக் கடிப்பார், முகம் வேர்க்கும், கை கல் மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு இதில் பாதி வைத்தாலே விரல் விரிந்துவிடும் என்று சீனிவாசகம் அலுத்துக்கொண்டார்.

கடைசி வாரம் புதன்கிழமை, திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் திருப்தியாகச் சொன்னார்.

"இன்னைக்கு ரெம்பக் கூட்டி வச்சாருலே. அப்பவும் அசையவிடலை, பாத்தியா?"

"எதைண்ணே?"

"கையைத்தான். மருந்து ரூம்ல தேள் கொட்டுனாலும் கையை உதறக் கூடாதுலே. இருவது வருசமா உதறாத கை. அவரு சோதிச்சுப் பாக்காரு, நான் விட்ருவனா?"

அவர் அதைப் பரீட்சை என்று நினைத்திருக்கிறார். அதிர்ச்சி கொடுத்தாலும் துள்ளாத கைதான் மருந்து ரூமுக்கு லாயக்கு, அதைத்தான் சோதிக்கிறார்கள் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலாக வந்தது.

அப்போது நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த அலைச்சல் விட்டது என்று நினைத்தேன். இரண்டு நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் கையில் தகட்டைக் கட்டும்போது மனசு கேட்கவில்லை. சீனிவாசகத்திடம் சொல்லிவிட்டேன். அவர் வாரை விட்டுவிட்டு அண்ணனையே பார்த்தார்.

"அண்ணாச்சி, மடக்கிப் பிடிக்க அம்புட்டு பலம் இருக்கா ஒங்களுக்கு? ஆறு வாரமா கரண்டோட மல்லுக்கட்டியிருக்கீக."

கரண்ட் இழுக்கும்போது நாமும் சேர்ந்து விரிக்க நினைக்க வேண்டும், அப்படிச் செய்யச் செய்யத்தான் கை பழகும் என்று விளக்கினார்.

"உதறச் சொல்றீகளா?" என்றார் அண்ணன்.

"உதற வேண்டாம். விரிங்க."

ஏழெட்டுத் தடவை முயன்றார். கரண்ட் பட்டதும் கை தானாக இறுகியது. பிறகு அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஏலே, நீ அங்கிட்டுத் திரும்பு."

நானும் கம்பெனி ஆள்தானே, நான் பார்க்க அவரால் கையை விட முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் பெட்டி உறுமுவதும் நிற்பதுமாக இருந்தது. வெகு நேரம் கழித்து சீனிவாசகம் கூப்பிட்டார். ஐந்து விரலும் விரிந்து நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் மெஷினை நிறுத்தினார், விரல்கள் மடங்கிக்கொண்டன.

"இப்ப பெட்டி இல்லாம விரிங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரல் ஒரு தீக்குச்சி கனத்துக்கு எழும்பி விழுந்தது. மறுபடி கேட்டபோது வரவில்லை. ஒரு தடவை வந்ததே போதும் என்று சீனிவாசகம் நோட்டில் இன்னும் ஆறு வாரம் எழுதினார்.

அண்ணன் அந்த விரலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆறு வாரம் என்றால் பதினெட்டு நாள். தீபாவளி சீசன் வேறு நெருங்குகிறது. திங்கட்கிழமைக்கு மேஸ்திரியிடம் என்ன சொல்லி லீவு கேட்பது என்று யோசித்துக்கொண்டே குனிந்து அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.