முறுக்கு விற்பனையின் இரண்டாவது மேடு

யுகேந்திரனின் திரையில் இருந்த சின்ன மேடு ஒன்று அவனுக்குப் பிடி கொடுக்கவில்லை. அவன் அக்கா விமலா சிலிபினில் முறுக்கு சுட்டு விற்பவள். நான்கு வருட விற்பனையை வாரவாரியாக வரைந்தால் இரண்டு மேடுகள் எழுந்தன. பெரியது தீபாவளி. சின்னது ஒரு வருடம் ஏப்ரல் நடுவில் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் தொடக்கத்துக்கும், அதன்பின் மார்ச்சுக்கும் நழுவியது. ஏன்?

வரும் மாதங்களின் விற்பனையைக் கணிக்க அவன் எடுத்த ரிக்ரெஷன் முறை ஒன்றும் மாயமில்லை. விற்பனை எதனால் ஏறி இறங்குகிறது என்று நினைக்கிறோமோ, அந்தக் காரணத்தைப் பழைய விற்பனைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அதற்கு எவ்வளவு பலம் என்று கணினி எடை போடும். நாம் வைக்காத காரணத்தை அது எடை போடாது. யுகேந்திரன் வைத்தது ஒன்றே ஒன்று: தீபாவளிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்பது. முறுக்கு நம்ம ஆளுங்க பலகாரம்தானே! கோட்டில் அடங்காத சின்ன மேட்டைப் பதிவுப் பிழை என்று அழித்தான்.

"பிப்ரவரி, மார்ச் ரெண்டும் சும்மா இருக்கும்கா. ஆளுங்களுக்கு லீவு குடு."

"போன வருஷம் வேலை இருந்துச்சேடா?"

"அது பில்லு தப்பா ஏத்துனது லா."

தம்பி படித்தவன். விமலா நம்பினாள். அவள் அறிந்ததெல்லாம் அடுப்பங்கரைதான்; சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுபோவது தர்மாவின் வேன்.

பிப்ரவரி கடைசியில் அந்த வேன் வாசலில் நின்றது.

"சரக்கு எங்க விமலா? தெலுக் இந்தான் கடையில மலாய்க்கார மக்சிக்குங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. முறுக்கு இல்லாம ராயா பெருநாளா? அடுத்த வாரமும் இல்லன்னா பாகான் செராய்ல வேற ஆள்கிட்ட எடுத்துருவேன். அப்புறம் கடையில அந்த இடம் உனக்குத் திரும்பக் கிடைக்காது."

"தம்பி கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டான் அண்ணே…"

"ஏன், நோன்பு மாசத்துல கம்ப்யூட்டரும் புவாசாவா?"

உள்ளே திரைக்கு முன் இருந்த யுகேந்திரனுக்குக் காது சுட்டது. போன ராயாவுக்கு நண்பன் ஹபீஸ் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கு டப்பாவைப் பாதி காலி செய்தவனே அவன்தான். தின்னும்போது அவர்கள் முறுக்கு, கணக்குப் போடும்போது நம் முறுக்கு!

"மறந்தது நான்தான் அண்ணே, திட்டாதீங்க," என்றாள் விமலா. தம்பியைக் காப்பாற்ற அவள் சொன்ன அந்தப் பொய்தான் அவனைக் கூசவைத்தது.

"இல்ல அண்ணே. அக்காவுக்கு வேலை இருந்தது ஞாபகம் இருந்துச்சு. நான்தான் அதைக் கணக்குலேருந்து அழிச்சேன்," என்றான், நிமிராமல்.

விமலா கைப்பேசியில் வேலையாளை அழைத்தாள். "நல்லம்மாக்கா, லீவெல்லாம் போதும், வாங்க." தம்பி பக்கம் திரும்பினாள். "எவ்வளவு மாவு வாங்கணும்? சரியா சொல்லு."

அவன் அழித்த வாரங்களைத் திரும்பப் போட்டான். ராயா பிறைக் கணக்கில் வருடந்தோறும் பதினோரு நாள் போல முன்னால் வருவதால் மாதத்தின் பெயர் உதவாது. 'ராயாவுக்கு எத்தனை வாரம்' என்று இன்னொரு காரணத்தைச் சேர்த்தான். நான்கு வருடமும் சின்ன மேடு ஒரே இடத்தில் விழுந்தது: ராயாவுக்கு மூன்று வாரம் முன்.

"இந்த ராயாவுக்கு இன்னும் நாலு வாரம் போல இருக்கு, அப்ப அடுத்த வாரம்தான் உச்சம். வழக்கமா வாங்குறது மாதிரி மூணு மடங்கு மாவு வாங்குக்கா," என்றான்.