நிருபமாவின் பாட்டிலும் லாயிடின் கருவாடும்

1.
கேலி செய்யத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். வெளிச்சமே படாத உப்புத் தண்ணீரில் பூஞ்சை தேடி வருடங்களைக் கரைக்கும் நிருபமாவைப் பற்றி, கல்லூரி இதழுக்கு அரைப் பக்கம். முதல் வரி இது:

தூத்துக்குடி உப்பளத்துக்கு அடியில், கடலைவிடப் பல மடங்கு கரிக்கும் நீரில், காலங்காலமாக ஒரு

(நிறுத்திவிட்டேன். இடையில் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். ஊறுகாயே செத்துப்போகும் உப்பில் அவை உயிரோடு இருந்தன. கறுப்பு, வெள்ளை, சாக்லேட் நிறம் என்று வகைவகையாக. அதற்குப் பிறகு எனக்குக் கேலி எழுத வரவில்லை.)

2.
பாத்திரங்கள். நிருபமா: கன்னடம் கலந்து பேசும் தொம்மலூர்க்காரி, ஆராய்ச்சி மாணவி. அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். சாக்லேட் நிறப் பூஞ்சை அந்த நிலத்தடி நீரைத் தவிர வேறெங்கும் கிடையாது என்பதே அதன் உயிர்நாடி.

லாயிட்: என் வகுப்பு, தூத்துக்குடிக்காரன். அந்த நீரைப் பாட்டிலில் கொண்டுவந்தவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவன் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியில் மீன் வாசம் வந்தால் அவன் பெட்டி தெருவுக்கு வரும். (இந்த வரி தேவையா என்று யோசித்தேன். ஐயோ, தேவை.)

3.
இன்று மதியம் நிருபமா பாட்டிலை எடுக்க ஆய்வக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கசிந்து, பாட்டில் மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனோ இது? என்னடா இது?"

"கருவாடுக்கா. அம்மா குடுத்துவிட்டது."

"சாம்பிள் ஃப்ரிட்ஜ்லயா?"

"நல்லா சுத்தித்தானக்கா வச்சேன்!"

கருவாட்டின் மேல் சாக்லேட் நிறப் புள்ளிகள். சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாள். அதே பூஞ்சை.*

"கருவாட்டுலேர்ந்து பாட்டிலுக்குப் போச்சா, பாட்டில்லேர்ந்து கருவாட்டுக்கு வந்துச்சா?"

லாயிட் தலையைச் சொறிந்தான். "அம்மா போடுறது அந்த உப்பளத்து உப்புதான்க்கா. ரெண்டும் அங்கயிருந்தே வந்திருக்கலாம்."

மூன்று பேரும் ஃப்ரிட்ஜை மூட மறந்து நின்றோம்.

* பூஞ்சைக்கு ஆய்வேடு படிக்கத் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

4.
முடிவு அ: தடயத்தை வறுத்துத் தின்றுவிடுவது. (லாயிடின் யோசனை. "எண்ணெ மட்டும் குடு மக்கா, பத்து நிமிசம்.")

முடிவு ஆ: நிருபமா வாய் திறக்கவில்லை, டாக்டர் நிருபமா ஆகிறாள். எழுதி அவளிடமே காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எவளாவது இதை நம்பி ஆராய்ச்சி பண்ண வருவா. அவளை எந்தப் பத்தில வெக்கப்போற?"

"அப்ப உன் கைடு கோதண்டராமன் சார்கிட்ட சொல்லப்போறியா? மறுபடி தண்ணி எடுத்து, முதல்லேர்ந்து..."

"சும்னிரோ! சும்மா இருடா!"

அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

முடிவு இ:

5.
இப்போது அவள் கோதண்டராமன் சாரின் மூடிய அறைக்கு முன்னால் நிற்கிறாள். ஒரு கையில் பாட்டில், மறு கையில் கருவாடு. எதைக் கீழே வைத்தாலும் மனம் மாறிவிடும் என்று அவளுக்குப் பயம். லாயிட் மாடிப்படியில் மறைந்துவிட்டான். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் தட்ட ஒரு கை வேண்டும். உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?