கவர் பிரிக்காத மெத்தை

"மெதுவா, சித்தப்பா. தலைய நான் புடிச்சிக்கிறேன்."

சேலை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து நாகேஷின் குரல் கேட்டது. அவன் மனைவி பார்கவி மஞ்சள் கரைத்த வெந்நீர் வாளியை மறைப்புக்கு அடியில் தள்ளிவிட்டு அங்கேயே நின்றாள். பெங்களூர் ஈஜிபுராவின் அந்தச் சந்தில் செத்தவரைக் குளிப்பாட்டக்கூட இடம் தேட வேண்டியிருந்தது. தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் மரப் பெஞ்சைப் போட்டு, பைக்குகளை நகர்த்தி, மாடிக் கம்பியிலிருந்து பழைய சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெஞ்சில் கிடந்தவர் அவளுடைய மாமனார் பச்சைமுத்து. லிங்கராஜபுரத்து முதியோர் இல்லத்தில் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வந்தவர்கள் எல்லாம் புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். இனி மகனும் சித்தப்பாவும் குளிப்பாட்டுவார்கள். முன்பக்கம் முடிந்ததும் ஒருக்களித்துத் திருப்புவார்கள். திருப்பினால் தெரிந்துவிடும். அந்த நேரத்தில், இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட ஆஞ்சலா இங்கே வந்து நிற்கக் கூடாது என்று நினைத்தாள் பார்கவி. கையில் இருந்த போனில் மறுபடியும் ஆஞ்சலாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமனாரின் சாமான்களை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வருவதாகச் சொன்னவள், சத்தத்தில் கேட்டிருக்க மாட்டாள்.

தண்ணீர் ஊற்றும் ஓசை சட்டென்று நின்றது.

"டேய், இது என்னாடா?" என்றார் சந்தானம் சித்தப்பா.

சேலையை விலக்கிக்கொண்டு நாகேஷ் வெளியே வந்தான். கையில் சீயக்காய் நுரை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு உக்கார்ற எடத்துல புண்ணு, பார்கவி. உள்ளங்கை அகலம். பிளாஸ்திரி போட்டு மறைச்சி வெச்சிருக்காளுங்க. உனக்குத் தெரியுமா?"

அவள் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

"பேருக்கு ஒரு ஜுரம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த ஆஞ்சலாவ நான் விடமாட்டேன். அத்தன நாளு பக்கத்துலயே இருந்தேன், ஒரு வார்த்த சொன்னாளா?"

பக்கத்திலேயே இருந்தான் என்பது உண்மை.

நாகேஷ் எதற்கும் கவர் பிரிக்காத ஆள். அவன் வீட்டு டிவியின் விளிம்பில் கடையில் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள். சோபா வாங்கிய நாளிலிருந்து அதில் யார் உட்கார்ந்தாலும் சரசரவென்று ஒரு சத்தம். அவன் பொருள் வாங்குவது அனுபவிப்பதற்கு அல்ல, அது புதிதாகவே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்று பார்கவி கல்யாணமான புதிதில் கேலி பேசுவாள். பிறகு அவளுக்கே பழகிவிட்டது. கஷ்டப்பட்டு வளர்ந்தவன், புதுசு என்றால் அவனுக்கு ஒரு பயபக்தி.

பச்சைமுத்துவுக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், நாள் முழுக்கச் சக்கர நாற்காலியே கதி என்று ஆகி, அவரை இல்லத்தில் சேர்த்தபோது, நாகேஷ் விசாரித்து விசாரித்து நல்ல மெத்தையாக ஒன்று வாங்கினான். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கென்று செய்த மெத்தை. அடியில் ஸ்பாஞ்சு, மேலே ஜெல், அதற்கும் மேலே காற்றுப் போகிற மெல்லிய துணி. அதைக் கம்பெனி பிளாஸ்டிக்கோடு அப்படியே நாற்காலியில் பொருத்திவிட்டு, ஆஞ்சலாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தான்.

"கவர மட்டும் பிரிக்காதீங்க. ஒண்ணுக்கு கிண்ணுக்கு போய்ட்டா நாஸ்தியாயிடும்."

இல்லத்துக்கு வரும் பிசியோதெரபி பெண் பார்த்த உடனே கவரை எடுக்கச் சொன்னாள். பிளாஸ்டிக்கில் வேர்வை தேங்குகிறது, பெரியவர் வழுக்கிக் கீழே இறங்குகிறார், இறங்க இறங்கத் தோல் உரசுகிறது என்றாள். ஆஞ்சலா எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த நாகேஷ் அதைப் பார்த்துவிட்டு ஒரு கத்துக் கத்தி, கவரைத் தேடி எடுத்துத் தானே மாட்டினான். ஆஞ்சலா பார்கவிக்குப் போன் செய்தாள். அவனிடம் எடுத்துச் சொல்வதை விட்டுவிட்டு, பார்கவி எல்லாருக்கும் தோதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மற்ற நாளெல்லாம் கவர் வேண்டாம், அவர் வரும் ஞாயிறு மட்டும் மாட்டிவிடுங்கள் என்றாள். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரை வெயிலில் அப்பா தளர்ந்து போனதைப் பார்த்துவிட்டு நாகேஷ் ஆபீசுக்கு லீவு போட்டான். தினமும் காலையில் போய், அவரை நாற்காலியில் உட்கார வைத்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவான். போனில் பழைய பாட்டாகப் போடுவான். பெற்ற அப்பனை எவன் இப்படிப் பார்ப்பான் என்று இல்லத்தில் எல்லாரும் சொன்னார்கள். பச்சைமுத்து நல்ல கையால் நாற்காலியின் கைப்பிடியில் தட்டுவார். "அப்பா தாளம் போடறாரு" என்று நாகேஷ் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினான்.

வலித்தால்தான் மாமா அப்படித் தட்டுவார் என்பது ஆஞ்சலாவுக்குத் தெரியும். பார்கவிக்கும் தெரியும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். அதற்குள் புண் வந்து, சீழ் வைத்து, ஜுரம் ஏறிவிட்டது.

நாகேஷ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஸ்டேஷனில் அவனுக்குத் தெரிந்த ஏட்டு ஒருவர் இருந்தார்.

"வேணாம்டா," என்றார் சித்தப்பா, மறைப்புக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி. "போலீசுன்னு போனா போஸ்ட்மார்ட்டம்பான். அண்ணன கூறு போட்டுருவாங்க. இன்னிக்கு எடுக்க முடியாது."

"எடுக்க வேணாம். யார் பண்ணாங்கன்னு தெரியட்டும். அவ உள்ள போவட்டும்."

அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் ஆட்டோ வந்து நின்றது. ஆஞ்சலா இறங்கினாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை. மடக்கிய நாற்காலியை ஆட்டோக்காரர் இறக்கி வைத்தார். மெத்தையை அவளே இடுப்பில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் துணிப்பையோடு வந்தாள். கவர் வெயிலில் பளபளத்தது. ஓடிப் போய்த் திரும்பிப் போகச் சொல்லிவிடலாமா என்று பார்கவி நினைத்தாள். அதற்குள் நாகேஷ் முன்னால் போய் நின்றுவிட்டான்.

"வாம்மா. உன்னத்தான் எதிர்பாத்துனு இருக்கேன். எங்கப்பா உடம்பப் போய் பாரு."

"தெரியும், சார். நான்தான் டிரெஸ்ஸிங் பண்ணேன்."

"எப்படி வந்துச்சு அந்தப் புண்ணு?"

ஆஞ்சலா வாயைத் திறந்தாள். பார்கவியின் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மெத்தையைப் பார்த்தாள்.

"வயசானவங்களுக்கு வரும், சார்," என்றாள்.

"வரும்னா? தானா வருமா?" நாகேஷின் குரல் உடைந்தது. அவன் போனைக் காதில் வைத்து, புகார் கொடுக்க வேண்டும், வீட்டுப் பக்கம் வாருங்கள் என்று ஏட்டிடம் கன்னடத்தில் சொன்னான். "சார், நானு நாகேஷ். ஸ்வல்ப மனெ ஹத்ர பன்னி, சார். ஒந்து கம்ப்ளைன்ட் கொடபேக்கு."

சந்தில் நின்றவர்கள் எல்லாரும் ஆஞ்சலாவைப் பார்த்தார்கள். அவள் தலை குனியாமல் நின்றாள். இவள் சொல்ல மாட்டாள் என்பது பார்கவிக்குப் புரிந்தது. எழவு வீட்டில், அப்பனைக் குளிப்பாட்டிய ஈரம் காயாத மகனிடம், இவள் அதைச் சொல்ல மாட்டாள். ஜெயிலுக்குப் போனாலும் போவாள்.

"என்னங்க. போன வெய்ங்க."

"நீ சும்மா இரு."

"வெய்ங்கன்னு சொல்றேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. நாகேஷ் போனை இறக்கினான்.

பார்கவி கிட்டே போய் மெத்தையின் மேல் கை வைத்தாள்.

"இந்தக் கவர்தாங்க. பிசியோ பொண்ணு எடுக்கச் சொல்லிச்சு. இவங்க எடுத்தாங்க. நீங்க வந்து மாட்டனீங்க. அப்பறம் நான்தான் சொன்னேன், நீங்க வர்றப்ப மட்டும் மாட்டிக்கலாம்னு. நீங்க தெனமும் வந்தீங்க."

பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்டது. அவன் கோபப்படுவான், அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் இருந்தாள். அவனோ மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். கையிலிருந்த போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. ஏட்டாக இருக்கும்.

"தண்ணி ஆறுதுடா," என்றார் சித்தப்பா உள்ளிருந்து.

நாகேஷ் மறைப்புக்குள் போனான். மறுபடியும் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது, முன்பைவிட மெதுவாக. ஆஞ்சலா துணிப்பையைத் திண்டில் வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே ஜெபம் செய்தாள்.

கோடி வேட்டி உடுத்தி, மாலை போட்டு, வாய்க்கரிசி எல்லாம் முடிந்தது. அமரர் ஊர்தி சந்துக்குள் வராது என்பதால் முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களும் சந்து முனை வரை போனார்கள். வண்டிக்குள் இருந்த நீளத் தட்டில் கறுப்பு ரெக்சின் விரித்திருந்தது. நாகேஷ் அதைத் தொட்டுப் பார்த்தான்.

"இருங்க," என்றான்.

வீட்டுக்குத் திரும்பிப் போய் மெத்தையோடு வந்தான். கவரின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தான். ஓரம் கிழிந்ததே தவிர முழுதாகப் பிரிந்து வரவில்லை. உதவ வந்தவரின் கையைத் தள்ளிவிட்டான். கடைசியில் உரித்துக் கீழே போட்டுவிட்டு, வெறும் மெத்தையைத் தட்டின் நடுவில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டான்.

"கரன்ட் சுடுகாட்டுல இதெல்லாம் உள்ள விடமாட்டாங்கடா," என்றார் சித்தப்பா.

"அங்க எடுத்துக்கலாம், சித்தப்பா. போற வரைக்கும் இருக்கட்டும்."

பச்சைமுத்துவை அதன்மேல் இடுப்பு படும்படி படுக்க வைத்தார்கள். நாகேஷ் ஏறித் தலைமாட்டில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தப் போகும்போது பார்கவியைக் கூப்பிட்டான். அவள் கிட்டே போனாள்.

"அப்பா கையில தட்டினாரே," என்றான். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

ஆஞ்சலா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"பாட்டுக்குத்தாங்க," என்றாள் பார்கவி. "அந்தப் பாட்டுன்னா மாமாவுக்கு உசுரு."

அவன் தலையை ஆட்டினான். கதவைச் சாத்தினார்கள்.

வண்டி போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் சீயக்காய் வாசனையோடு சந்தில் இறங்கி ஓடியது. முனையில் கிடந்த கவர் அதில் நனைந்து சாக்கடைக் கம்பியில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுத்தது. பார்கவி குனிந்து அதை எடுத்து உதறினாள். எங்கே போடுவதென்று தெரியவில்லை. ஆஞ்சலா துடைப்பத்தோடு வந்து அதைக் கேட்டு வாங்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.