ஞானேஸ்வரியும் இறங்கிய பற்றரியும்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர், "இடம்பெயர வெளிக்கிட எங்கட உழவு மெசின் ஸ்டாட் வரேல்லை. எல்லாம் ஒரு ரீவி கேமால வந்த வினை" என்றார். அதற்குள் பாயாசம் வந்துவிட்டது. மிச்சத்தை நானே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1996 ஆடி. கருமேகம் சூழ்ந்த வட்டக்கச்சியின் வானம்..."

(விட்டுவிட்டேன். வன்னியில் ஆடிக்கு ஏது மழை?)

2.

ஞானேஸ்வரிக்கு நாற்பது வயது. கணவர் வீரகத்திக்கு வட்டக்கச்சியில் வயலும் ஓர் உழவு இயந்திரமும் இருந்தன. அவளுடைய தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்த ரீவி கேம்தான் அவளுக்கு உயிர். தொண்ணூறில் மின்சாரம் நின்றபோது அது அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே போனது. வேறொருத்தியென்றால் மறந்திருப்பாள். இவள் றேடியோ திருத்தும் நல்லதம்பியைப் பிடித்து, உழவு இயந்திரத்துப் பற்றரியில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவியையும் கேமையும் ஓடவைத்தாள்.

இந்த இடத்தில் அவளை டாங்கி விளையாட்டு விளையாடவிட ஆசைப்பட்டேன். போர்க்காலக் கதை, விமர்சகர்கள் குறியீடு என்பார்கள். கேமில் போடும் கசற்றில் டாங்கியும் இருந்தது. ஆனால் அவள் தொடவில்லை. "வெளியில கேக்கிற சத்தம் காணாதே?" என்றுவிட்டாள்.

அவளுக்குப் பிடித்தது வேறு. குள்ளன் ஒருவன் ஏணியேறிப் பழம் பறிப்பான். காகம் கொத்த வரும். குசினியில் சோறு அடிப்பிடிக்கப் பிடிக்க விளையாடியும் அவள் நாலாம் கட்டத்தைத் தாண்டியதில்லை.

"பற்றரி இறங்கினா வயலை ஆர், உன்ர குள்ளனே உழுறது?" என்பார் வீரகத்தி.

"அவன் காகத்துக்கே பயந்தவன். சேத்துக்கை இறங்கமாட்டான்."

3.

வீரகத்தியில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவரை மீசை துடிக்கும் கோபக்காரராக எழுதினேன். நாடக மேடையில் நிற்பவர் போலிருந்தது. இரண்டாம் வரைவில் அவர் ஒரு

(வேண்டாம். அவர் வாயாலேயே வரட்டும்.)

4.

தொண்ணூற்றாறு ஆடியில் ஷெல் கிட்டக்கிட்ட விழத் தொடங்கியது; ஊரே வெளிக்கிட்டது. உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவிய பெட்டியில் நெல்மூட்டை, கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலே கால் ஏலாத பக்கத்து வீட்டு மீனம்மா. வீரகத்தி திறப்பைத் திருகினார். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'.

எல்லாரும் ஞானேஸ்வரியைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் ஒரு கிழமையா அதைத் தொடேல்லை."

ஒருவரும் நம்பவில்லை. வீரகத்தி மட்டும் குனிந்து சில்லை ஆராய்ந்தார்.

"பிள்ளை, உண்மையைச் சொன்னா கடவுள் மன்னிப்பார்," என்றாள் மேலே இருந்த மீனம்மா. "இப்ப தள்ளு."

பெட்டியைக் கழற்றி, வாய்க்கால் கட்டுச் சரிவில் இயந்திரத்தைத் தள்ளினார்கள். ஞானேஸ்வரி அழுதுகொண்டே தள்ளினாள். ஒருவழியாக அது இருமி, புகை கக்கி, உயிர்பெற்றது. மறுபடி பெட்டியைக் கொழுவியதும் அவள் வெறுங்கையோடு ஏறினாள். கேமை அலுமாரிக்குள்ளேயே விட்டிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ஊரார் முகத்தில் முழிக்க அவளால் முடியவில்லை.

வீரகத்தி இயந்திரத்தை நிறுத்தாமல் இருக்கையிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடினார். ஒரு கையில் சின்ன ரீவியும் மறு கையில் சேலையில் சுற்றிய பொட்டலமுமாக வந்தார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள்.

"பிடி, பிடி. பிறகு என்னைப் போட்டுத் தின்னுவாய்."

5.

போய்ச் சேர்ந்த ஸ்கந்தபுரத்தில் ஒரு பாலை மரத்தடியில் தறப்பாள் கொட்டில். சில மாதம் கழித்து ஒரு பின்னேரம், மீனம்மாவே கேட்டதால், வயர்களைக் கொழுவினார்கள். சுற்றிச் சனம். குள்ளன் நாலாம் கட்டத்துக்கு வந்தான். வீரகத்தி திரைக்கு முதுகைக் காட்டியபடி மண்வெட்டிப் பிடி சீவிக்கொண்டிருந்தார். காகத்தின் சத்தம் கேட்டதும், தலை நிமிராமல் சொன்னார்:

"அவசரப்பட்டு ஏறாதை. காகம் ரெண்டுதரம் சுத்திப்போட்டுப் போகும். அஞ்சாவதிலதான் மூண்டு காகம்."

ஐந்தாம் கட்டத்தை அவள் கண்டதேயில்லை.

6.

முடிவுகள் சில வைத்திருந்தேன். கையிலிருந்த கேமை அவர் தலையில் எறிகிறாள் (இல்லை, உடைந்தால் வாங்க வழியில்லை). விழுந்து விழுந்து சிரிக்கிறாள் (அன்று தள்ளிய சரிவை நினைத்தால் அவ்வளவு சுலபமில்லை). மீனம்மா தீர்ப்புச் சொல்கிறாள் (அவள் வாயைத் திறந்தாள், என்ன நினைத்தாளோ, மூடிவிட்டாள்).

ஞானேஸ்வரி குள்ளனை ஏணியடியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். வீரகத்தி இன்னும் சீவுகிறார். அந்தப் பிடி எப்போதோ போதுமான அளவு மெலிந்துவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், பிடி முறிவதற்குள்.