கிரேன் கேபினில் ஒரு டம்ளர் டீ

கப்பலிலிருந்து இறங்கிய கண்டெய்னர் பெட்டி ஊசலாடி, கீழே நின்ற தொழிலாளி அய்யாக்குட்டியின் பாதத்தை நசுக்கிய மறுநாளே, கிரேன் ஓட்டிய மாரிச்செல்வத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். காரணம் கவனக்குறைவு. பதினோரு வருடம் வராத கவனக்குறைவு, எஞ்சினியர் பெவின் கிரேனின் கம்ப்யூட்டரில் கைவைத்த மாதத்தில் சரியாக வந்துவிட்டது.

பெவின் செய்தது சின்ன வேலைதான். கிளம்பும்போதும் நிற்கும்போதும் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி முழு அளவுக்கு வர மூன்று விநாடி ஆகும். அதை அரை விநாடி ஆக்கினான். மணிக்கு இரண்டு பெட்டி கூடுதலாக இறங்கியது. ஏசி அறையில் அதிகாரிகள் கைதட்டினார்கள். கிரேன் வெட்டி இழுக்கிறது என்று மாரிச்செல்வம் இரண்டு முறை போய்ச் சொன்னான். பழகிவிடும் என்றார்கள்.

விசாரணையில் பெவின் லேப்டாப்பைத் திருப்பி கிராஃபைக் காட்டினான். "வேகம் லிமிட்டுக்குள்ள. முடுக்கம் லிமிட்டுக்குள்ள. மெஷின்ல தப்பே இல்ல."

"எம்புட்டு இழுக்குன்னு பாத்திய சார். எம்புட்டு வெடுக்குன்னு இழுக்குன்னு பாத்தியளா?" என்றான் மாரிச்செல்வம்.

"அதுக்கு ஜெர்க்னு பேரு. முடுக்கம் மாறுற வேகம். அதுவும் மாறுனா, அது மாறுற வேகத்துக்கு ஸ்னாப்."

"பேரெல்லாம் நல்லாத்தான் வச்சிருக்கிய. அளந்தியளா?"

பெவின் லேப்டாப்பை மூடினான்.

"ஒரு ஓட்டம் மேல வாங்க. கையில டீ சிந்தலன்னா தப்பு என்னுதுன்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்."

வேறொரு ஆபரேட்டர் ஓட்டினார். தளும்பத் தளும்ப டம்ளரோடு பெவின் நின்றான், பக்கத்தில் மாரிச்செல்வம். பெட்டியோடு சேர்ந்தே ஓடும் கேபின் கிளம்பியதும் பாதி டீ சட்டையில். நடுவழியில் வேகம் உச்சத்தில் இருந்தது. அங்கே ஒரு சொட்டு அசையவில்லை. நின்றதும் மிச்சம் பேண்ட்டில்.

"சுடுதுய்யா!"

"டீதான சார். கீழ தொங்குனது இருவது டன்னு. ஒங்க கிராஃப்ல இது எங்கன இருக்கு?"

நான்காம் நாள் ஆர்டர் வந்தது. மூன்று விநாடி பழையபடி வைக்கப்பட்டது. மாரிச்செல்வம் வேலைக்குத் திரும்பலாம். கூடவே ஒரு மெமோ: கேபினுக்குள் டீ கொண்டுபோக வைத்ததற்கு விளக்கம் தரவும்.

மாரிச்செல்வம் ஆஸ்பத்திரிக்குப் போய் அதை வாசித்துக் காட்டினான். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அய்யாக்குட்டி கேட்டான்.

"ஏலே, டீக்கு மெமோ வந்திட்டு. எங் காலுக்கு யாருக்குல குடுத்தானுவ?"