கண்ணாடி உருண்டையில் தசரதன்

என் மனைவி வினோதினியைப் போல ஃபோட்டோஷாப் தெரிந்த ஆள் திருவண்ணாமலையில் இன்னொருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம். புருஷன்தானே சொல்கிறான் என்று சிரிக்க வேண்டாம். செங்கம் ரோட்டில் எங்கள் பேனர் கடைக்கு வந்து, கொஞ்ச நேரம் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பாருங்கள், தெரியும். காதுகுத்துப் படத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தால் சிரிக்க வைத்துவிடுவாள். குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட தாய்மாமனுக்குக் கண்ணைத் திறந்து வைப்பாள். அது அந்த மாமனுடைய கண்ணாகவே இருக்கும், அதுதான் விஷயம். நான் பிரிண்டர் ஓட்டுகிறவன். பேனர் ஓரம் மடித்துக் கயிறு கட்ட ஓட்டை போடுவேன், வருகிறவர்களிடம் சண்டை போடுவேன். கடைக்குப் பேர் வாங்கித் தந்தது அவள் கை.

தீபத் திருவிழா பேனர் வேலையெல்லாம் முடிந்து கடை கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில் மணிமொழி வந்தாள். ஆசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பில் இருக்கிறவள். அவளும் வினோதினியும் அடி அண்ணாமலை ஊர்க்காரிகள், ஒரே பள்ளிக்கூடம். இந்த வருஷம் மாசியில் ஜெயசீலன் என்கிற எலக்ட்ரீஷியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் தங்கமான பையன். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அப்பா தசரதனுக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. "எனக்குப் பொண்ணே இல்ல" என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டார். போனில் அவள் நம்பரையும் தடுத்து வைத்துவிட்டார்.

"வினோ, எங்க மாமியார் வூட்ல ஒரு பழக்கம்டி" என்று ஆரம்பித்தாள் மணிமொழி. "கிறிஸ்துமஸ் மரத்துல ஆளுக்கொரு உருண்டை தொங்கும். உருண்டைக்குள்ள அவங்கவங்க படம் இருக்கும். இந்த வருசம் எல்லாத்தையும் புதுசா பண்ணலாம், உனக்கும் ஒண்ணு பண்ணு, உங்க அப்பாவுக்கும் ஒண்ணு பண்ணுன்னு அத்த சொல்லிட்டாங்க. ஆனா அப்பா படம் ஒண்ணுகூட என் கையில இல்ல."

"எங்க சிஸ்டத்துல இருக்குதே! சித்ரா பௌர்ணமி அன்னதானத்துக்கு நான்தான பேனர் அடிச்சேன்."

"அதத்தான் நானும் பாத்தேன். கிரிவலப் பாதையில கட்டியிருந்தீங்க. பஸ்ஸுல போறப்பல்லாம் ஜன்னல் வழியா பாத்துக்குவேன். அப்புறம் அவுத்துட்டாங்க." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. என் பெண்டாட்டிக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஆளுக்குத் தெரியாம அவர் படத்த எடுத்து மரத்துல மாட்டினா, தெரிஞ்சா கத்தியத் தூக்கிக்கினு வருவாரு, தெரியுமா உனுக்கு?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு மரத்தப் போட்டோ எடுத்து சித்தப்பா போனுக்கு அனுப்புவேண்ணா. அவரு அப்பாகிட்ட காட்டுவாரு. அதுக்கும் மனசு எறங்கலன்னா அப்புறம் நான் கேக்கவே மாட்டேன். விட்டுடுவேன்" என்றாள். இதற்கு மேல் என்ன பேசுவது? போய்த் தொலையட்டும் என்று பிரிண்டர் பக்கம் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து வினோதினி உட்கார்ந்தாள் பாருங்கள், சோறு தண்ணி நினைப்பே இல்லை. நிஜத்தில் அது உருண்டையே கிடையாது. தட்டையான வட்டப் பலகை. அதன்மேல் படத்தை அச்சடித்து, ரிப்பன் கோத்துத் தொங்கவிடுவது. ஆனால் திரையில் அவள் ஓரத்தை மெல்ல இருட்டாக்கி, நடுவில் வெளிச்சம் கொடுத்து, கீழே லேசாக ஒரு நிழலும் போட்டதும், அட கடவுளே, கை நீட்டினால் உருண்டு ஓடிவிடும் போல இருந்தது. தலைக்குப் பொன்மூடி, அதில் ஒரு வளையம், வளையத்தில் சிவப்பு ரிப்பன், ஓரத்தில் மினுக்கும் ஒரு நட்சத்திரம்.

இதையெல்லாம்கூட வேறு யாராவது செய்துவிடலாம். உருண்டையின் பளபளப்பில் அவள் செய்த வேலை இருக்கிறதே, அதைச் செய்ய ஆளே கிடையாது. கண்ணாடி உருண்டை என்றால் எதிரில் இருப்பது அதில் தெரியும் இல்லையா? எல்லோரும் ஒரு வெள்ளைக் கீற்றைப் போட்டு ஜன்னல் வெளிச்சம் என்று விட்டுவிடுவார்கள். இவள் அந்தக் கீற்றுக்குள் ஒவ்வொருவரின் உலகத்தையும் வரைந்தாள். மணிமொழியின் மாமியார் உருண்டையில் அவருடைய தையல் மெஷினும் வாசல் முருங்கையும் வளைந்து தெரிந்தன. ஜெயசீலன் உருண்டையில் ஏணி, ஒயர் சுருள். மணிமொழி உருண்டையில் விடுதி மாடியிலிருந்து தெரிகிற மலை. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மினுமினுப்புதான். கிட்டப் போனால் உள்ளே ஒரு வீடே இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளிடம் சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள் என்று, "டீ ஆறிப் போவுது, குடி" என்று மட்டும் சொன்னேன்.

தசரதனுடைய உருண்டையைக் கடைசியாக எடுத்தாள். அன்னதான பேனரில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக் கும்பிட்டுக்கொண்டு முழு ஆளாக நிற்பார். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி வட்டத்துக்குள் வைத்து, பளபளப்பையும் வரைந்து முடித்து, ரிப்பனும் நட்சத்திரமும் சேர்த்து, பின்னால் மஞ்சள் ஒளி பரப்பினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம்.

"மாப்ள, மார்கழிப் பௌர்ணமிக்கு அன்னதான பேனர் போடணுமே!"

தசரதனேதான். அடி அண்ணாமலையில் பெண் எடுத்தவன் என்பதால் நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மாமா. "வாங்க மாமா, வெளியில நெழலா இருக்குது, இங்கயே உக்காருங்க" என்று பாய்ந்தேன். அந்த மனுஷன் எங்கே கேட்டார்? நேராக உள்ளே வந்து திரைக்கு எதிரில் நின்றுவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் பேனரில் நின்றுகொண்டு கும்பிடுவார்கள், இல்லையென்றால் போன் பேசுவார்கள். தலையை மட்டும் வட்டத்துக்குள் வைத்து, பின்னால் ஒளி போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு மினுக்கினால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். தசரதனுக்கு அந்த நட்சத்திரம் விளக்காகத் தெரிந்தது. சிவப்பு ரிப்பன் மாலையாகத் தெரிந்தது.

"யோவ் மாப்ள, இன்னாயா இது? எனக்கே கண்ணீர் அஞ்சலியா? எவன் அடிக்கச் சொன்னான்?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் ஒரு பொய்யை யோசிப்பதற்குள் வினோதினி, "மணிமொழி சொன்னா, பெரிப்பா" என்றாள்.

அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "பொண்ணே இல்லன்னு நான் சொன்னேன், வாஸ்தவம்தான். அதுக்காக, அப்பன் செத்துட்டான்னு அவ போஸ்டர் அடிப்பாளா?" அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. மணிமொழி ஆசைப்பட்டுச் செய்த காரியம் இப்படி முடிந்துவிட்டதே, இனி ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் முழிக்க மாட்டாரே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அஞ்சலி இல்ல பெரிப்பா, சாமி சத்தியமா இல்ல. அது மாலையே கெடையாது, ரிப்பன். மரத்துல தொங்கவுட."

"என்னிய மரத்துல தொங்கவுடறாளா?"

நான் இருந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி இருமினேன்.

வினோதினி வாக்குவாதம் பண்ணவில்லை. மற்ற உருண்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "இது அவ மாமியாரு. இது அவ வூட்டுக்காரரு. இது அவளே. எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க. அந்த வூட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துல வூட்டு ஆளுங்க எல்லாரும் இருக்கணும். நீங்க இல்லாத மரம் அவளுக்கு வேணாமாம். அவ்ளோதான் பெரிப்பா. கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க."

மவுஸை உருட்டி அவர் உருண்டையைப் பெரிதாக்கினாள். பளபளப்பு விரிந்துகொண்டே போனது. தசரதன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மலை. மலைக்கு முன்னால் நிலக்கடலை போட்ட மணிலாக் கொல்லை. கிணற்று மேட்டில் பம்புசெட் கொட்டாய், அதன் கதவில் பாதி உரிந்த பச்சை பெயின்ட்.

"இது நம்ம கொட்டாயி" என்றார். "நீ எப்பமா வந்து பாத்த?"

"நான் எங்க பாத்தேன்? அவ ஒவ்வொண்ணா சொன்னா. நான் வரைஞ்சேன்."

அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. விரலால் திரையைத் தொடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கறுப்புப் பசுவைக் கண்டுபிடித்தார். செத்துப்போன தன் மனைவி வைத்த செம்பருத்தியைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "நெகம் அளவு எடத்துல எப்டிமா இத்தினியும் வச்ச?" என்று வினோதினியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதை எனக்கு நூறு பேனர் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு மறுபடி குனிந்தார். கொட்டாய் ஓரத்தில், சீட்டில் உரச் சாக்கைச் சுற்றிக் கட்டிய பழைய மொபெட் ஒன்று சாய்ந்து நின்றது.

"இந்த வண்டிதான் இல்லியே" என்றார் தசரதன். "ஆவணியிலயே வித்துட்டேன். முட்டி வலி ஜாஸ்தியாப் போச்சு, ஒதைக்க முடியல. இப்ப ஸ்கூட்டருதான."

"அவ அப்டித்தான் சொன்னா பெரிப்பா. அவளுக்குத் தெரியாதுபோல."

"முட்டி வலியும் தெரியாதா?"

"யாரு சொன்னா அவளுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு நிமிசம் இருங்க பெரிப்பா, வண்டிய எடுத்துட்டு ஸ்கூட்டர் வச்சிடறேன்" என்று வினோதினி மவுஸைப் பிடித்தாள்.

"வாணாம், மாத்தாத." எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலன்னுதான அவமேல எனக்குக் கோவம். நான் மட்டும் இன்னாத்த சொன்னேன் அவகிட்ட? நானே போயி சொல்லிக்கிறேன். மாப்ள, அவ வூடு எந்தத் தெருன்னு சொல்லுயா."